நிறுத்தச் சொன்னது யார் காதில் விழுந்தது? புறக்கோட்டைச் சேவையகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 பெப்ரவரி 10, திங்கட்கிழமை காலை, புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் பருப்பு, சீனி, வெங்காயம் ஆகியவற்றை மொத்தமாக விற்கும் கடையொன்றின் கணக்காளர் என்னை அழைத்து, முதல் நாள் எடுத்த இருப்புக் கணக்கில் மைசூர்ப் பருப்பு அளவுக்கு மிஞ்சிக் காட்டுகிறது என்றார். “தம்பி, கிட்டங்கியின் கூரையைக் கழற்றினால்தான் இவ்வளவு மூட்டையை அடுக்கலாம்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், ஆண்டு முடிவுக் கணக்காய்வுக்கு முந்திய இருப்பு எடுப்பு அது என்பதால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. மதியத்துக்குள் பிழையின் அளவு தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதிவான நிறைச் சிட்டைகளில் 312 சிட்டைகள், அதே இலக்கத்துடனும் அதே நிறையுடனும், தரவுத்தளத்தில் இரண்டு தடவை ஏறியிருந்தன. வேறெதுவும் கெட்டிருக்கவில்லை, தொலைந்திருக்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இலங்கையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெப்ரவரி 9 ஆம் திகதி முற்பகல் 11 மணியைத் தாண்டிய சிறிது நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் கூறியதை உலகமே செய்தியாக்கியது. குரங்கின் பங்கு எதுவாயினும், என் கவலை அதுவன்று. மின்சாரம் போனால் கணினி தானாகவே ஒழுங்காக நின்றுவிடும் என்று அந்தக் கடைக்கு நான்தான் உறுதி சொல்லியிருந்தேன், அதற்கான யூ.பி.எஸ். கருவியும், அதைக் கவனிக்கும் மென்பொருளும், நிறுத்தும்போது கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வெளியேறும் வகையில் எழுதப்பட்ட நிரலும் அங்கே இருந்தன. மூன்றும் தத்தம் வேலையைச் செய்தன. ஆயினும் பிழை நடந்தது. அது எப்படி என்பதே இந்த ஆய்வின் பொருள்.

அங்கு இருந்த ஏற்பாடு

கடையின் மேல்தட்டில், பில் புத்தகங்கள் அடுக்கிய அறையின் மூலையில், யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமையான உபுண்டு 22.04 நிறுவப்பட்ட ஒரே ஒரு சேவையகம் இருக்கிறது. தரவுத்தளம் அதனுடன் வரும் போஸ்ட்கிரெஸ் 14. கிட்டங்கித் தராசடியில் நிற்பவர் கைக்கருவியில் மூட்டையின் நிறையைப் பதிந்ததும், அது ஒரு சிட்டையாகச் சேவையகத்துக்கு வரும். பைத்தன் மொழியில் எழுதிய ஒரு நிரல் அந்தச் சிட்டைகளை முதலில் உள்வரவுக் கோப்பொன்றில் உடனுக்குடன் எழுதி வைத்து, பின்னர் தொகுதி தொகுதியாகத் தரவுத்தளத்தில் ஏற்றும். ஏற்றி முடித்த சிட்டைகளின் இலக்கங்களை ‘முடிந்தவை’ என்ற இன்னொரு கோப்பில் அது குறித்துக்கொள்ளும். நிரல் மறுபடி தொடங்கும்போது, உள்வரவில் இருந்து முடிந்தவையில் இல்லாத சிட்டைகள் எவையோ அவற்றை ஏற்றும். இதை இக்கட்டுரையில் ‘பதிவேற்றி’ என்று அழைக்கிறேன்.

நாட்டாமைமார் மூட்டைகளை இறக்கி ஏற்றும் சாதாரண நாட்களில் நிமிடத்துக்கு ஓரிரு சிட்டைகள்தான் வரும். இருப்பு எடுக்கும் ஞாயிறு வேறு வகை. நான்கு தராசுகள் ஒரே நேரத்தில் ஓடும். ஏற்றக் காத்திருக்கும் சிட்டைகளின் வரிசை ஒருபோதும் காலியாகாது. வரிசை காலியானால்தான் பதிவேற்றி முடிந்தவைக் கோப்பை மூடும் என்பதை இவ்விடத்தில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைக்கு மின்பிறப்பாக்கியும் உண்டு. ஆனால் அது கையால் இயக்கப்படுவது. அதை இயக்கத் தெரிந்தவர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. எனவே அன்று யூ.பி.எஸ். மட்டுமே துணை. அது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கியது.

சமிக்ஞை என்பது என்ன, எவ்வளவு

யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளில், செயன்முறை ஒன்றை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றை, நிறுத்தச் சொல்லச் சமிக்ஞை எனப்படும் இலக்கமிட்ட சிறு அறிவிப்புகளில் இரண்டு பெருவழக்கில் உள்ளன. 15 ஆம் இலக்கச் சமிக்ஞையான சிக்டேர்ம், வேலையை முடித்துக்கொண்டு வெளியே வா என்ற கோரிக்கை. நிரல் அதைப் பிடித்து, திறந்த கோப்புகளை மூடி, இணைப்புகளை விடுவித்து, தன் வசதிப்படி வெளியேறலாம், விரும்பினால் புறக்கணிக்கவும் செய்யலாம். 9 ஆம் இலக்கமான சிக்கில் கோரிக்கையே அன்று. அதைப் பிடிக்கவோ தடுக்கவோ புறக்கணிக்கவோ எந்த நிரலாலும் முடியாது. பணிசெயல் முறைமையின் கருவான கெர்னல் அந்தச் செயன்முறையை அகற்றிவிடும், செயன்முறைக்கு அது நடந்ததே தெரியாது. முதலாவதை அனுப்பிச் சற்றுக் காத்திருந்து, இன்னும் ஓடுபவற்றுக்கு இரண்டாவதை அனுப்புவது என்ற முறை பழைய சிஸ்டம் ஃபைவ் காலத்து நிறுத்தல் ஸ்கிரிப்ட்களிலிருந்து இன்றுவரை மாறவில்லை. மாறியதெல்லாம் யாருக்கு, எந்த ஒழுங்கில், எவ்வளவு நேர அவகாசத்துடன் என்பவையே.

உபுண்டு 22.04 இல் இவற்றைத் தீர்மானிப்பது, பின்னணியில் ஓடும் சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம்டி என்ற நிரல். வேறெதுவும் சொல்லாவிட்டால் அது ஒரு சேவையின் கட்டுப்பாட்டுக் குழுவிலுள்ள எல்லாச் செயன்முறைகளுக்கும் சிக்டேர்ம் அனுப்பும், 90 செக்கன் பொறுக்கும், பிறகு எஞ்சியவற்றுக்குச் சிக்கில் அனுப்பும். சேவைகள் தொடங்கிய ஒழுங்குக்கு நேரெதிரான ஒழுங்கில் அவற்றை நிறுத்தும். அதாவது தரவுத்தளத்துக்குப் பின்னர் தொடங்க வேண்டும் என்று குறிக்கப்பட்ட சேவை, தரவுத்தளத்துக்கு முன்னரே நிறுத்தப்படும். எல்லாச் சேவைகளும் நின்றபின், சிஸ்டம்டி தன் இடத்தில் ஒரு சிறிய நிறுத்தல் நிரலை அமர்த்தும். அது எங்கோ எஞ்சியிருக்கும் செயன்முறைகள் அனைத்துக்கும் ஒரு பொதுவான சிக்டேர்ம் அனுப்பி, காத்திருந்து, சிக்கில் அனுப்பி, கோப்பு முறைமைகளைக் கழற்றி, கடைசியாக மின்னை அணைக்கும். வீட்டைப் பூட்டுமுன் ஒவ்வோர் அறையாகத் தட்டிச் சொன்னவர், வாசலில் நின்று இன்னொரு தடவை உள்ளே யாராவது உண்டா என்று குரல் கொடுப்பதைப் போன்றது அந்தக் கடைசிச் சிக்டேர்ம். நமது பதிவேற்றியின் காதில் விழுந்தது வாசற்குரல் மட்டுமே.

பதிவேட்டில் இருந்தது

திங்கட்கிழமை பிற்பகல் நான் முதலில் பார்த்தது சிஸ்டம்டியின் பதிவேடு. யூ.பி.எஸ். கருவியைக் கவனிக்கும் நட் என்ற மென்பொருள், பற்றரி தாழ்நிலைக்கு வந்ததை உணர்ந்து, தன் வழக்கமான ஐந்து செக்கன் இடைவெளிக்குப் பின் நிறுத்தல் கட்டளையைக் கொடுத்திருந்தது. அடுத்த செக்கனுக்குள் பதிவேற்றிச் சேவை ‘வெற்றிகரமாக’ நின்றுவிட்டதாக ஒரு வரி. அடுத்துப் போஸ்ட்கிரெஸ் நிறுத்தப்பட்டு, அதுவும் ஒழுங்காக நின்றிருந்தது. இன்னும் சில செக்கன்களில் பதிவேடே மூடப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் பாடநூலில் வைக்கத்தக்க நிறுத்தல்.

வெற்றி என்ற அந்தச் சொல்தான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. தொகுதி ஒன்றை ஏற்றி முடிக்கப் பதிவேற்றிக்கு மூன்று முதல் ஏழு செக்கன்கள் வேண்டும். வரிசை நிரம்பியிருந்த வேளையில் அது ஒரு செக்கனுக்குள் எப்படி நின்றது? அந்த வரிக்குச் சற்றுக் கீழே, நான் முதல் வாசிப்பில் தாண்டிப்போன இன்னொரு வரி இருந்தது: சேவை நின்ற பின்னரும் பைத்தன் செயன்முறையொன்று தொடர்ந்து ஓடுகிறது என்று சிஸ்டம்டி எச்சரித்திருந்தது. போஸ்ட்கிரெஸின் பதிவில் நிர்வாகியின் கட்டளையால் இணைப்பொன்று துண்டிக்கப்பட்டதாகவும் இருந்தது. எல்லாரும் வெளியேறிய பிறகு யாருடைய இணைப்பு அது?

விடை சேவையின் அமைவுக் கோப்பில் கிடைத்தது. 2023 இல் பதிவேற்றியைச் சேவையாக மாற்றியபோது, நேரடியாகப் பைத்தனை இயக்காமல், சூழல் மாறிகளை (நிரலுக்குத் தேவையான அமைவு மதிப்புகளை) அமைத்துவிட்டுப் பைத்தனை அழைக்கும் பாஷ் ஸ்கிரிப்ட் (பாஷ் என்ற நிரல் வரிவரியாக இயக்கும் கட்டளைக் கோப்பு) ஒன்றை நான் இயக்கியிருந்தேன். எனவே சிஸ்டம்டியின் பார்வையில் தலைமைச் செயன்முறை பாஷ். பைத்தன் அதன் பிள்ளை. இது மட்டுமாயின் கேடில்லை, ஏனெனில் இயல்புநிலையில் குழு முழுவதற்கும் சமிக்ஞை போகும். ஆனால் அதே கோப்பில் ‘கில்மோட்’ என்ற அமைவு ‘புரொசஸ்’ என்று மாற்றப்பட்டிருந்தது. தலைமைச் செயன்முறைக்கு மட்டும் சொல், மற்றவர்களைத் தொடாதே என்பது அதன் பொருள். பதிவேற்றி இடையிடையே ஓர் ஒட்டுச்சீட்டு அச்சிடும் துணைநிரலையும் பிள்ளையாக இயக்கும். சேவையை மறுதொடக்கம் செய்யும்போது சீட்டு பாதியில் கிழிந்து நிற்கிறது என்று ஒருவர் முறையிட்டதால் அந்த மாற்றம் செய்யப்பட்டது. முறைப்பாடு நியாயமானது. மருந்துதான் பிழை. அதைச் செய்தவனும் நான்தான் என்பதைக் கோப்பின் குறிப்பு சொன்னது.

இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியும். சிஸ்டம்டி பாஷுக்குச் சிக்டேர்ம் அனுப்பியது. சமிக்ஞையைப் பிடிக்க எந்த ஏற்பாடும் இல்லாத பாஷ் அந்தக் கணமே இறந்தது. தன் பிள்ளைக்கு அதைக் கடத்தவில்லை, கடத்துவது பாஷின் வழக்கமும் அன்று. சிக்டேர்ம் பெற்று இறப்பதைச் சிஸ்டம்டி ஒழுங்கான முடிவாகவே கருதுவதால் வெற்றி என்று எழுதியது. அநாதையான பைத்தன் எதையும் அறியாமல் சிட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. பதிவேற்றி நின்றுவிட்டது என்று நம்பிய சிஸ்டம்டி அடுத்ததாகத் தரவுத்தளத்தை நிறுத்தியது. உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் சேவை நிறுத்தப்படும்போது, இணைந்திருப்பவர்கள் தாமாக விலகும்வரை காத்திராமல் அவர்களைத் துண்டிக்கும் ‘வேகமான’ முறையே பயன்படுகிறது. இணைப்பை இழந்த பைத்தன், தான் எழுதப்பட்டபடியே, ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை மறுபடி இணைய முயலும் சுற்றுக்குள் நுழைந்தது. சேவைகள் யாவும் ஓய்ந்தபின் அந்தப் பொதுவான சிக்டேர்ம் வந்தபோதுதான் அதற்கு முதன்முதலாகச் செய்தி கிட்டியது. பிடிக்கும் நிரல்துண்டு ஒழுங்காக இயங்கி, ‘நிறுத்தம் கோரப்பட்டது’ என்ற கொடியை உயர்த்தியது. ஆனால் அந்தக் கொடியை முதன்மைச் சுற்று மட்டுமே பார்க்கும். மறுஇணைப்புச் சுற்று பார்க்காது. இனி ஒருபோதும் எழாத தரவுத்தளத்தின் கதவை அது தட்டிக்கொண்டே இருந்தது.

312 என்ற எண் எங்கிருந்து வந்தது

தரவுத்தளத்தில் உறுதிசெய்யப்பட்ட சிட்டைகளின் இலக்கங்கள் முடிந்தவைக் கோப்பில் உடனே எழுதப்படுகின்றன என்று நான் நினைத்திருந்தேன். நிரலின்படி எழுதத்தான் பட்டன. ஆனால் பைத்தன் ஒரு கோப்பில் எழுதச் சொன்னவுடன் கெர்னலிடம் கொடுப்பதில்லை. இந்தப் பதிப்பில் 8192 பைட் அளவுள்ள தன் சொந்த இடைக்கிடங்கில் சேர்த்து, அது நிரம்பும்போதோ கோப்பு மூடப்படும்போதோதான் கொடுக்கிறது. ஒரு சிட்டையின் குறிப்பு வரிமுடிவுடன் 20 பைட். 312 சிட்டைகளுக்கு 6240 பைட். இடைக்கிடங்கு இன்னும் நிரம்பவில்லை. கடந்த தடவை நிரம்பிக் காலியானதிலிருந்து ஏறிய 312 சிட்டைகளும் தரவுத்தளத்தில் பாதுகாப்பாக இருந்தன, ஏறிவிட்டன என்ற நினைவு மட்டும் பைத்தனின் நினைவகத்தில் இருந்து அதனுடனேயே அழிந்தது. மாலையில் மின்சாரம் திரும்பிச் சேவையகம் எழுந்ததும், பதிவேற்றி கடமை தவறாமல் அந்த 312 சிட்டைகளையும் மீண்டும் ஏற்றியது.

ஒழுங்காக வெளியேறும் நிரலில் இந்த இடைக்கிடங்கு தானாகவே காலியாகும். சிக்கில் பெற்றதில் ஆகாது. சிக்டேர்ம் பிடிக்கப்படாமல் இயல்புநிலையில் கொல்லப்பட்டாலும் ஆகாது. ‘ஒழுங்காக நிறுத்துதல்’ என்று நாம் பேசுவதன் உட்பொருள் பெரும்பாலும் இத்தகைய சில ஆயிரம் பைட்கள்தான்.

இன்னொரு சிறு புதிர் எஞ்சியது. அடுத்த தொடக்கத்தின்போது கோப்பு முறைமை தன் குறிப்பேட்டிலிருந்து மீட்கப்பட்டதாகக் கெர்னல் எழுதியிருந்தது. அப்படியாயின் வட்டு ஒழுங்காகக் கழற்றப்படவில்லை. நிறுத்தல் முடியுமுன்பே மின்சாரம் அற்றுப்போயிருக்கிறது. பதிவேடு ஏற்கெனவே மூடப்பட்டிருந்ததால் இதற்கு மேல் கோப்புகளில் சாட்சி இல்லை. திரையில் மட்டுமே தெரியும் கட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் திரைக்கு முன்னால் யாரும் இருக்கவில்லை, திரைக்கு மின்சாரமும் இருக்கவில்லை.

முன்பு ஏன் நடக்கவில்லை

கணக்காளர் கேட்ட கேள்வி இதுவே, கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. 2022 இல் இதைவிடப் பன்மடங்கு மோசமான மின்வெட்டுகளை இதே கடை கடந்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இருக்கவில்லை. “அப்போது ஒரு மூட்டைகூடப் பிசகவில்லையே, தம்பி?” என்றார்.

அப்போது பதிவேற்றி சேவையாக ஓடவில்லை. கடை ஊழியர் ஒருவர் காலையில், கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தைத் திறந்து அதே பாஷ் ஸ்கிரிப்டை இயக்குவார். மின்வெட்டு நேர அட்டவணை முன்கூட்டியே வெளிவந்ததால், நேரம் நெருங்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துவார். அந்த விசைச் சேர்க்கை அனுப்புவது சிக்இன்ட் என்ற 2 ஆம் இலக்கச் சமிக்ஞை; முனையம் அதை முன்னணியிலுள்ள செயன்முறைக் குழு முழுவதற்கும் அனுப்புகிறது. பாஷுக்கும் கிடைத்தது, பைத்தனுக்கும் கிடைத்தது. இடையில் நின்ற பாஷ் கடத்தியதா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. நான் எழுதிப் பரிசோதித்ததும் இப்படித்தான்: முனையத்தில் ஓடவிட்டு, கன்ட்ரோல்-சி அழுத்தி, அழகாக மூடுகிறது என்று மகிழ்ந்தேன். சேவையான பின்னர் சமிக்ஞை வரும் பாதையே வேறு என்பது எனக்குப் படவில்லை. சேவையான பின்னரோ சேவையகம் பெரும்பாலும் பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில்தான் நிறுத்தப்பட்டது. அன்று தராசுகள் ஓடுவதில்லை, வரிசை காலி, முடிந்தவைக் கோப்பு மூடியிருக்கும். அநாதையான பைத்தன் அப்போதும் சிக்கிலால்தான் இறந்திருக்க வேண்டும், ஆனால் இழப்பதற்கு அதன் கையில் எதுவும் இருக்கவில்லை. நிறுத்தல் ஒன்றரை நிமிடம் இழுபட்டதை யாரோ கவனித்து, ‘பழைய மெஷின்’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

திருத்தமும், திருத்தத்தின் திருத்தமும்

நாடளாவிய தடைக்குப் பின்னர் 10, 11 ஆம் திகதிகளில் ஒன்றரை மணித்தியாலச் சுழற்சி மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு நாட்களுக்கும் பதிவேற்றியை முன்கூட்டியே கையால் நிறுத்துமாறு சொல்லிவிட்டு, திருத்தத்தை என் வீட்டு மடிக்கணினியில் செய்து பார்த்தேன்.

முதலில் செய்தது தவறிற்று. பாஷ் ஸ்கிரிப்டில் சிக்டேர்மைப் பிடிக்கும் ‘ட்ராப்’ வரியொன்றைச் சேர்த்து, அதிலிருந்து பைத்தனுக்குச் சமிக்ஞையைக் கடத்த முயன்றேன். எதுவும் நடக்கவில்லை. முன்னணியில் ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது சமிக்ஞை வந்தால், அந்தக் கட்டளை முடிந்த பின்னர்தான் பாஷ் ட்ராப்பை இயக்கும். பைத்தன் முடிந்தால்தான் பைத்தனை முடிக்கச் சொல்லும் வரி ஓடும் என்ற நிலை. முன்பாவது பாஷ் உடனே செத்தது; இப்போது அது 90 செக்கனும் அசையாமல் இருந்தது. பைத்தனைப் பின்னணியில் இயக்கி ‘வெயிட்’ கட்டளையில் காத்திருந்தால் சமிக்ஞை வந்ததும் வெயிட் உடனே திரும்பும், ட்ராப்பும் ஓடும். அது சரியான வழியே. ஆயினும் நடுவில் ஒருவரை நிறுத்தி அவருக்குத் தூது போகக் கற்றுக்கொடுப்பதைவிட, நடுவரே இல்லாமற் செய்வது எளிது. பைத்தனை அழைக்கும் வரிக்கு முன்னால் ‘எக்செக்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். சூழல் மாறிகளை அமைத்து முடித்ததும் பாஷ் தன் இடத்தைப் பைத்தனுக்கு விட்டுக்கொடுத்து மறையும். செயன்முறை இலக்கம் மாறாது. சிஸ்டம்டி தலைமை என்று அறிந்திருப்பது இனிப் பைத்தனையே.

கொள்கலன்கள் எனப்படும் தனித்து அடைத்த சூழல்களில் நிரல்களை ஓட்டுவோருக்கும் இதே வியாதி உண்டு. அங்கே, கொள்கலன்களை இயக்கும் டொக்கர் என்ற மென்பொருள் நிறுத்தக் கட்டளை கொடுத்து இயல்பாகக் காத்திருப்பது 10 செக்கன் மட்டுமே. கொள்கலனின் முதற் செயன்முறை பாஷ் போன்ற ஒரு ஷெல் ஆக இருந்தால் அந்தப் பத்துச் செக்கனும் வீணாகும். அங்கு ஷெல் உடனே சாவதும் இல்லை, ஏனெனில் 1 ஆம் இலக்கச் செயன்முறை தான் பிடிக்க ஏற்பாடு செய்யாத சிக்டேர்மைக் கெர்னல் அதனிடம் சேர்ப்பதே கிடையாது. கொள்கலன் நிற்கச் சரியாகப் பத்துச் செக்கன் எடுக்கிறது என்றால், சமிக்ஞை யாருக்கும் கேட்கவில்லை என்று கொள்ளலாம்.

அடுத்து, கில்மோட் வரியை முற்றாக நீக்கினேன். ஒட்டுச்சீட்டு அச்சிடும் துணைநிரலை அதற்கேயுரிய தனிச் சேவையாகப் பிரித்ததால் முந்திய முறைப்பாட்டுக்கும் வேறு தீர்வு கிடைத்தது. அதை அன்றே இப்படிச் செய்திருக்க வேண்டும். காத்திருக்கும் அவகாசத்தை 90 இலிருந்து 30 செக்கனாகக் குறைத்தேன். ஒரு தொகுதிக்கு அதிகபட்சம் ஏழு செக்கன் என்று அளந்த பின்னர் வந்த எண் அது.

பைத்தன் நிரலில் மூன்று மாற்றங்கள் வேண்டியிருந்தன. மறுஇணைப்புச் சுற்றும் கொடியைப் பார்க்க வேண்டும். கொடி உயர்ந்திருந்து தரவுத்தளமும் இல்லாவிட்டால், கையிலுள்ள தொகுதியை விட்டுவிட்டு, கோப்புகளை மூடி வெளியேற வேண்டும், ஏனெனில் அந்தச் சிட்டைகள் உள்வரவுக் கோப்பில் பத்திரமாகவே இருக்கின்றன. இரண்டாவதாக, ஒவ்வொரு தொகுதியும் உறுதிசெய்யப்பட்டதும் முடிந்தவைக் கோப்பின் இடைக்கிடங்கைக் காலிசெய்து, வட்டுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது எனக்கே வியப்பாக இருந்தது. புதிய சிட்டைக்காக வலைப்பின்னலில் காத்திருக்கும் வேளையில் சிக்டேர்ம் வந்தால், முன்பெல்லாம் அந்தக் காத்திருப்பு இடையில் முறியும் என்று படித்த நினைவு எனக்கு இருந்தது. ஆனால் பைத்தன் 3.5 முதல், சமிக்ஞையைப் பிடிக்கும் துண்டு எந்தப் பிழையையும் எழுப்பாவிட்டால், முறிந்த அழைப்பை மொழியே மீண்டும் தொடங்கிவிடுகிறது. கொடி உயர்ந்திருக்கும், நிரலோ அடுத்த சிட்டை வரும்வரை அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும். எனவே காத்திருப்புக்கு ஒரு செக்கன் எல்லை வைத்தேன். பிடிக்கும் துண்டுக்குள்ளேயே மூடும் வேலையைச் செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நிரல் எந்த வரியின் நடுவில் இருக்கிறது என்று தெரியாத நேரத்தில் தரவுத்தளத்துடன் பேசுவது எனக்கு உவப்பில்லை. அங்கே கொடி மட்டும் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் மின்கம்பி அறுந்தால் யாரும் சிக்டேர்ம் அனுப்பப் போவதில்லை. ஆகவே தரவுத்தளத்தில் சிட்டை இலக்கத்துக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு ஒன்றை இட்டு, ஏற்கெனவே உள்ள இலக்கம் மறுபடி வந்தால் சத்தமின்றி விட்டுவிடுமாறு பதிவேற்றியின் கட்டளையை மாற்றினேன், போஸ்ட்கிரெஸ் 9.5 முதலே இந்த வசதி உண்டு. உண்மையைச் சொன்னால், தொடக்கத்திலேயே இந்த ஒரு வரி இருந்திருந்தால் மைசூர்ப் பருப்பு பெருகியிருக்காது, இந்த ஆய்வும் எழுதப்பட்டிருக்காது. அப்போது அநாதைச் செயன்முறையும் எவரும் அறியாமல் இன்னும் பல ஆண்டுகள் இருந்திருக்கும்.

போயா தினப் பரிசோதனை

12 ஆம் திகதி நவம் போயா. கடை மூடியிருந்தது. கணக்காளர் தாமே சாவியுடன் வந்து, தேநீர்க் குவளையோடு திரைக்கு முன்னால் அமர்ந்தார். முதலில் பழைய அமைவை அப்படியே மீட்டு, பரிசோதனைத் தரவுத்தளம் ஒன்றில் செயற்கையாகச் சிட்டைகளை ஓடவிட்டு, திரையை மின்பிறப்பாக்கியில் இணைத்து, யூ.பி.எஸ். கருவியின் சுவர்ச் செருகியைக் கழற்றினோம். பற்றரி தாழ்நிலையை அடைந்து நிறுத்தல் தொடங்கியது. சேவைகள் நின்றன. பிறகு திரையில், எஞ்சிய செயன்முறைகளுக்குச் சிக்டேர்ம் அனுப்புவதாக ஒரு வரி; அதன்கீழ், பைத்தன் செயன்முறைக்காகக் காத்திருப்பதாக இன்னொரு வரி. அது அசையவில்லை. “இதுதானா ஆள்?” என்று கணக்காளர் திரையைச் சுட்டிக் கேட்டார். நான் ஆம் என்று சொல்லி முடிக்குமுன் சேவையகத்தின் விசிறி நின்றது.

தாழ்நிலை அறிவிப்பிலிருந்து பற்றரி முற்றாக ஓயும்வரை 70 செக்கன். காத்திருப்போ 90. சிக்கில் அனுப்பப்படவே இல்லை. அதற்கு முன்பே யூ.பி.எஸ். கைவிட்டது. கோப்பு முறைமை ஏன் கழற்றப்படவில்லை என்ற புதிரும் அத்துடன் அவிழ்ந்தது. அந்தப் பற்றரி 2022 இன் நெருக்கடியில், பற்றரி கிடைப்பதே அரிதாயிருந்த நாட்களில் வாங்கப்பட்டு, அவ்வாண்டு முழுவதும் நாளுக்குப் பலமுறை வடிந்து நிரம்பியது. கருவி தன் முகப்பில் காட்டிய மீதி நிமிடங்களை நம்புவதற்கு இனி இடமில்லை.

தாழ்நிலைக்காகக் காத்திருக்கும் நட் மென்பொருளின் இயல்பையும் அன்றே மாற்றினேன். மின்சாரம் போனதும் ஐந்து நிமிடக் கடிகாரமொன்று ஓடும். அதற்குள் திரும்பாவிட்டால் பற்றரி எவ்வளவு இருந்தாலும் நிறுத்தல் தொடங்கும். திரும்பினால் கடிகாரம் இரத்தாகும். இதற்கென நட் தொகுப்பில் தனியான ஒரு சிறு நிரலே இருக்கிறது. இருப்பு எடுப்பின் நடுவில் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் வேலை செய்ய முடியாமற் போகிறதே என்று கணக்காளர் முதலில் தயங்கினார். நான் எதிர்வாதம் செய்யவில்லை. புதிய பற்றரி வந்ததும் அளந்து பார்த்து எண்ணை உயர்த்தலாம் என்று உடன்பட்டோம்.

பின்னர் புதிய அமைவுடன் மறுபடி செருகியைக் கழற்றினோம். பதிவேற்றி கையிலிருந்த தொகுதியை முடித்து நான்கு செக்கனில் வெளியேறியது. எஞ்சிய செயன்முறை என்ற வரி திரையில் தோன்றவே இல்லை. நிறுத்தல் கட்டளையிலிருந்து மின் அணைவுவரை 11 செக்கன். மூன்றாவது தடவை, பதிவேற்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே பைத்தனுக்குக் கையால் சிக்கில் அனுப்பி, மறுபடி தொடக்கினேன். அது திரும்ப அனுப்பிய ஒரு தொகுதிச் சிட்டைகளைத் தரவுத்தளம் ஏற்காமல் விட்டது. எண்ணிக்கை சரியாக இருந்தது. அதன் பின்னரே இரண்டு அமைவுக் கோப்புகளையும் அச்சிட்டு, சேவையகத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

312 இரட்டைப் பதிவுகளை ஒரே கட்டளையில் அழித்துத் தருவதாக நான் சொன்னேன். கணக்காளர் இணங்கவில்லை. கணக்கில் ஏறியதை அழிப்பதென்றால் அழித்தவனின் சுவடும் அழியும் என்பது அவருடைய தொழில் ஒழுக்கம். கணக்காய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். ஆகவே 312 சிட்டைகளுக்கும் எதிர்ப்பதிவுகள் தயாரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ‘9.2.2025 மின்தடையின் பின் இருமுறை ஏறியது’ என்ற குறிப்புடன், வியாழன், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் அவர் கையொப்பத்துடன் ஏற்றப்பட்டன. வெள்ளி மாலை, கணினி காட்டிய மைசூர்ப் பருப்பு மூட்டைகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு அவரும் ஒரு நாட்டாமையும் கிட்டங்கிக்குள் போய் எண்ணினார்கள். ஒரு மூட்டை குறைந்தது. அது கடை வாசலில், மாதிரி காட்டுவதற்காக வாய் திறந்து வைக்கப்பட்டிருந்த மூட்டை.